சலாமத் விடுதியின் வாசற்படி

ஜூலை 3, திங்கள்

நெர்மின் என்ற துருக்கிப் பெண் இன்று மதியம் வந்து சேர்ந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெட்டி பெரியது, உள்ளே சாமான் குறைவு. தூக்கிய ஆள் சொன்னான்.

வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, என் இரு கைகளையும் நீட்டச் சொல்லி, எலுமிச்சை வாசனைத் தண்ணீரை ஊற்றினாள். விருந்தினரையும் வீட்டாரையும் அவர்கள் ஊரில் அப்படித்தான் வரவேற்பார்களாம். இதில் ஆல்கஹால் உண்டா என்று கேட்டேன். "எண்பது!" என்றாள் சந்தோஷமாக. கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். வாசனை போகவில்லை.

பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, "நான் உங்கள் மிசாபிர்" என்றாள். சமையல் செய்யும் நாச்சியாவுக்கு அது மட்டும் விளங்கிவிட்டது.

"லாத்தா, முசாபராம்ல! பாவம், இம்புட்டுப் பெரிய பொட்டியோட யாசகம் கேட்டு வந்திருக்காஹ" என்று என்னிடம் சொல்லி அரிசி எடுக்கப் போனாள். பள்ளிவாசல் வாசலில் வழிப்போக்கன் என்று சொல்லிக் கை நீட்டுகிறவர்களைத்தான் நாங்கள் முசாபர் என்போம்.

"அவங்க மொழியில விருந்தாளின்னு அர்த்தம். அரிசியைப் பானையில போடு."

ஏற்பாடு இதுதான். நோயாலும் நிலநடுக்கத்தாலும் விருந்தினரை இழந்த சிறு விடுதிகளை, முஸ்லிம் நாடுகள் சில ஒன்று சேர்ந்து, இரண்டிரண்டாக இணைத்துவிடுகின்றன. ஒரு வீட்டுக்காரர் இன்னொருவர் வீட்டில் ஒரு மாதம் தங்கி வேலை செய்வார். பிறகு இவர் அங்கே போவார். இந்த மாதக் கடைசியில் இங்கே பினாங்கில் நடக்கும் மாநாட்டுக்கு வரும் நான்கு பெண்கள் எங்களிடம் தங்குவார்கள். அவர்களுக்குத் திருப்தியானால் எங்கள் சலாமத் விடுதி அந்த நாடுகளின் பட்டியலில் சேரும். இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்கு வருகிறேன் என்று என் மகன் அஸ்கரிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. சொன்ன சொல்லை மாற்றிப் பழக்கமில்லை.

ஆறு அறைகளும் மூன்று வருடங்களாகப் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டு அறைகளில் ஈரம் ஏறியிருக்கிறது. மற்றபடி ஒன்றுமில்லை.

ஜூலை 4, செவ்வாய்

நாச்சியா வாசற்படியைக் குழாய் போட்டுக் கழுவட்டுமா என்று மறுபடியும் கேட்டாள். ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்றேன். பழைய ஓடு, வழுக்கும்.

நெர்மினுக்கு அந்தாக்யா என்ற ஊர். பழைய கடைத்தெருவுக்குப் பின்னால் எட்டு அறை விடுதி, முற்றத்தில் ஆரஞ்சு மரம். பிப்ரவரி நிலநடுக்கத்தில் கட்டடம் விழுந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறவில்லை. கட்டடம்தானே, அந்த அளவில் நிதானம் இருப்பது நல்லது.

அவளுடைய ஆங்கிலத்தில் இறந்தகாலம் கிடையாது. எல்லாமே இப்போது நடக்கிறது. "என் கணவர் காலையில் ரொட்டி வாங்குகிறார். சூடாக வாங்குகிறார்." எங்கள் கான்வென்ட்டில் இப்படிப் பேசினால் சிஸ்டர் கரும்பலகைக்கு அனுப்பிவிடுவார். விருந்தினர் முன்னால் தவறாகப் பேசக் கூடாதே என்று நான் திருத்தினேன். "விடுதி இருந்தபோது வாங்கினார் என்று சொல்ல வேண்டும். இப்போது விடுதி இல்லையே." அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "வாங்கினார்" என்றாள். உச்சரிப்பு சரியாக இருந்தது.

ஜூலை 7, வெள்ளி

மழை. விரிப்புகள் காயவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

காலைச் சாப்பாடு பற்றித் தகராறு. எங்கள் வீட்டில் ஏழு முதல் ஒன்பது வரை. நெர்மினுக்கு அது புரியவேயில்லை. "விருந்தாளி தூங்குகிறார். நாம் காத்திருக்கிறோம்." அவ்வளவுதான் அவள் சட்டம். மாதிரிக்கு ஒரு மேசை போட்டுக் காட்டினாள். ஆலிவ், வெண்ணெய்க்கட்டி, வெள்ளரி, தேன், மிளகாய் விழுது, தக்காளி என்று சின்னச் சின்னக் கிண்ணங்கள் மேசை கொள்ளாமல்.

"நாஷ்டாவுக்கு இத்தனை கிண்ணமா? கழுவுறது யாரு, இவுக வாப்பாவா?" என்றாள் நாச்சியா.

"என்ன சொல்கிறாள்?" என்று நெர்மின் என்னிடம் கேட்டாள்.

"அழகாக இருக்கிறது என்கிறாள்."

நெர்மின் எழுந்து போய் நாச்சியாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அதற்குப் பிறகு நாச்சியா கிண்ணங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை.

தேநீர் குடிக்காமல் புறப்படும் விருந்தினரோடு தன் கணவர் சண்டை போடுகிறார் என்றும், அவர்கள் பெட்டியை ஒளித்து வைத்துவிடுகிறார் என்றும் சொன்னாள். கேட்க நன்றாக இருந்தது. வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது அவருக்கு என் சலாம் சொல் என்றேன்.

"சொல்கிறேன்" என்றாள்.

ஜூலை 12, புதன்

சுற்றுலா அலுவலகத்திலிருந்து ரோஸ்னா அம்மா, மலாயில் புவான் ரோஸ்னா, வந்து பார்த்தார். தொழுகைக்கான கிப்லாத் திசைக் குறி, கை கால் கழுவி ஒளுச் செய்யும் குழாய், சமையலறை எல்லாம் சரி. வாசற்படியில் கால் விரலால் தேய்த்துப் பார்த்து, "இது மட்டும் கறுத்துப் போயிருக்கிறதே, புவான்" என்றார். கவனிப்பதாகச் சொன்னேன்.

பிறகு, "விருந்தினரை வழியனுப்புவது யார்? என்சிக் நூர்தீன் இருந்தபோது அதற்கென்றே இந்த வீட்டுக்குப் பெயர்" என்றார்.

"நான்தான்" என்றேன்.

உண்மையில் நான் ஒருநாளும் வாசலுக்குப் போனதில்லை. துணி, அறை, சாவி என் பொறுப்பு. வாசல் என் கணவருடையது. பெட்டியை வண்டிவரை தூக்கிப் போவார். வண்டி மூலை திரும்பும்வரை ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்பார். மழை பெய்தாலும் அப்படித்தான். உள்ளே வந்து சட்டையைப் பிழிவார். இவ்வளவு எதற்கு என்று நான் கேட்டால், "திரும்பிப் பாத்தா யாராச்சும் நிக்கணும்ல" என்பார்.

திரை அளவு எடுக்க வேண்டும். நாளைக்கு.

ஜூலை 15, சனி

நெர்மினின் கணவருக்கு ஒரு கைலி வாங்கினேன். நீலக் கட்டம், நல்ல நெசவு. வந்த இடத்திலிருந்து வெறுங்கையோடு போனால் அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?

"உயரமா?" என்று கேட்டேன்.

"என்னைவிடக் கொஞ்சம் குட்டை" என்று கையால் காட்டினாள்.

கைலியை விரித்துப் பார்க்காமல், மடித்தது மடித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு, ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். கஞ்சி வாசனை பிடித்திருக்கிறதோ என்னவோ, ஒருமுறை முகர்ந்தாள். "அவருக்குப் பிடிக்கும்" என்றாள். தமிழில் எழுதும்போதுதான் கவனிக்கிறேன், பிடிக்கும் என்ற சொல்லில் திருத்த எதுவும் இல்லை.

ஜூலை 24, திங்கள்

விருந்தினர் வந்துவிட்டார்கள். மொரோக்கோவிலிருந்து ஒருவர், உஸ்பெகிஸ்தானிலிருந்து ஒருவர், இந்தோனேசியாவின் லொம்பொக் தீவிலிருந்து ஒருவர், வங்கதேசத்திலிருந்து ஒருவர். எல்லாருமே சிறு விடுதி நடத்துகிறவர்கள். அதாவது, தலையணை உறையின் உள்தையலைத் திருப்பிப் பார்க்கிறவர்கள். வங்கதேசத்து அம்மா பார்த்தே விட்டார். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

நெர்மின் எல்லார் கையிலும் எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றினாள். ஆல்கஹால் உண்டா என்று நான்கு பேரும் நான்கு விதமாகக் கேட்டார்கள். மொரோக்கோக்காரி மட்டும் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள்.

ஜூலை 26, புதன்

காலை ஒன்பது மணிக்கு மேசை காலியாகவில்லை. பத்துக்கும் காலியாகவில்லை. பதினொன்றுக்கு நானே உட்கார்ந்துவிட்டேன்.

மாநாட்டில் பேசுவதையெல்லாம் இங்கேயே பேசி முடித்துவிடுகிறார்கள். நேரடி விமானம் வேண்டும், விசாவை எளிதாக்க வேண்டும் என்று அங்கே ஒவ்வொருவரும் எழுதி வந்ததைப் படிக்கிறார்களாம். லொம்பொக் பெண் சொன்னாள்: "எங்கள் தீவில் நிலநடுக்கம் வந்தபோது முதல் வாரம் நிறையப் பேர் வந்தார்கள். கூடாரம் தந்தார்கள், படம் பிடித்தார்கள். நல்லவர்கள்தான். பிறகு ஒரு வருடம் யாருமில்லை. ஒருநாள் ஒருத்தர் வந்து, அறை இருக்கிறதா, ஜன்னல் கடல் பக்கமா என்று கேட்டார். நான் உள்ளே போய் அழுதுவிட்டுத்தான் சாவி கொடுத்தேன்."

நெர்மின் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிளாஸ் நிரம்பித் தட்டில் வழிந்தது.

மாடிப்படியில் நாள் முழுக்கச் சத்தம். கதவைச் சாத்தினால் கேட்காது. சாத்தவில்லை.

ஜூலை 27, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் நடந்ததை எழுதுவதுதான் முறை.

காலையில் நான்கு பேரும் புறப்பட்டார்கள். நான் வாசலில் நின்றேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. வேன் நகர்ந்தது. என் பின்னாலிருந்து நெர்மின் குவளையோடு ஓடி வந்து, படியிலும் தெருவிலும் தண்ணீரைச் சளாரென்று ஊற்றினாள்.

எங்களில் யாராவது பயணம் புறப்பட்டால் அன்றைக்கு வாசலைக் கூட்டக்கூட மாட்டோம். யாராவது இறந்து, வீட்டிலிருந்து மையத்தை எடுத்துப் போன பிறகுதான் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. பிறந்ததிலிருந்து பார்த்தது.

"அறிவிருக்கா உனக்கு? என் வாசல்லேருந்து மையத்தா போகுது?" என்று தமிழில் கத்தினேன். விளங்காமல் விழித்தாள். அதனால் ஆங்கிலத்திலும் கத்தினேன். "இங்கே யார் செத்தது? சொல், யார் செத்தது?"

வேனின் ஜன்னல்கள் திறந்திருந்தன. நான்கு முகங்களும் எங்களைத்தான் பார்த்தன. நாச்சியா உள்ளேயிருந்து ஓடி வந்து, "லாத்தா, மெதுவா, லாத்தா" என்று என் கையைப் பிடித்தாள். உதறினேன்.

நெர்மின் குவளையைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இனிப் பட்டியலில் வராது, வீடு போய்விட்டது. வேறு யாரும் கெடுக்கவில்லை, நான்தான்.

ஜூலை 28, வெள்ளி

நெர்மின் சாப்பிட வரவில்லை. நாச்சியா எனக்குப் பரிமாறிவிட்டுப் பேசாமல் போனாள். மீன் குழம்பில் உப்பில்லை. சொல்லவில்லை.

ஜூலை 29, சனி

துணி அறையில் நெர்மின் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு பேர் மடித்தால்தான் மூலை சேரும்.

மையத்து, வாசல், தண்ணீர் எல்லாவற்றையும் விளக்கினேன். மன்னிப்பு என்ற சொல்லை எந்த இடத்தில் வைப்பது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கள் ஊரில் தண்ணீர் திரும்பி வருவதற்கு. பின்னால் ஊற்றி, தண்ணீரைப் போல் போ, தண்ணீரைப் போல் வா என்று சொல்கிறோம்." கையால் ஒரு ஓட்டம் காட்டினாள். "பிப்ரவரியில் நான் என் தங்கை வீட்டுக்குப் போகிறேன். மெர்சின் ஊர். ஒரே ஒரு இரவு. கணவர் வாசலில் நிற்கிறார். குளிர். செருப்பில்லாமல் வருகிறார். நான் திட்டுகிறேன். அவர் தண்ணீர் ஊற்றுகிறார். விடிவதற்குள் நிலம் ஆடுகிறது." விரிப்பின் மூலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அவர் ஊற்றுகிறார். நான் திரும்பி வருகிறேன். அவருக்கு யாரும் ஊற்றவில்லை. அவர் எங்கும் போகவில்லையே."

நான் எதையும் திருத்தவில்லை.

சலாம் சொல்லச் சொன்னது, கைலி வாங்கியது, ரொட்டி வாங்கினார் என்று சொல்லிக்கொடுத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றேன்.

"நீங்கள் அவருக்குச் சலாம் சொன்னீர்கள். மற்ற எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அவருக்கு யாரும் சலாம் சொல்வதில்லை."

அடுத்த விரிப்பை எடுத்தோம். அதை மடிக்கும்போது நானும் சொன்னேன். ஊரடங்குக் காலம், ஆகஸ்டு மாதம். அவர் தம் காலால் நடந்துபோய்த்தான் ஆம்புலன்சில் ஏறினார். பையைத் தாமே தூக்கிக்கொண்டார். என்னைப் படிக்குமேல் வரவிடவில்லை. வாய்க்கவசத்துக்குள்ளிருந்து, "நாளான்னைக்கு வந்துருவேன், அந்த மூணாம் நம்பர் ரூம் விசிறியைப் பாக்கச் சொல்லு" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. அன்றைக்கு நாச்சியா வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். பிடுங்கிக் கொல்லையில் கொட்டினேன். இந்த வாசலிலிருந்து மையத்து எதுவும் போகவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவருக்குப் பின்னால் எதற்குக் கழுவ வேண்டும்?

"அதுதான் படி கறுப்பு" என்றாள் நெர்மின்.

"ஓடு வழுக்கும்" என்றேன்.

"ஆம். வழுக்கும்."

பதினாறு விரிப்பும் மடித்தாகிவிட்டது. அவள் மடிப்பு இன்னும் கோணல்தான்.

ஆகஸ்டு 1, செவ்வாய்

புவான் ரோஸ்னா தொலைபேசியில் பேசினார். நின்றுகொண்டே கேட்டேன்.

வேனில் விமான நிலையம் போய்ச் சேரும்வரை தண்ணீரைப் பற்றித்தான் பேச்சாம். உஸ்பெக் பெண், அது நல்ல வழக்கம், எங்கள் பக்கமும் உண்டு என்றாளாம். வங்கதேசத்து அம்மா, கூடவே கூடாது, வீட்டுக்கார அம்மா கோபித்தது நியாயம் என்றாராம். மொரோக்கோக்காரி ஒரு மூன்றாவது விளக்கம் வைத்திருந்தாளாம். இறங்கும்போதும் முடிவாகவில்லை. அடுத்த வருடம் அதே வீட்டில் கூடித்தான் தீர்க்க வேண்டும் என்று நான்கு பேரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அறை ஒதுக்கச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் எண் அறைக்குத்தான் போட்டி.

"பட்டியலில் சேர்ந்துவிட்டது, புவான். ஒன்றே ஒன்று. முறைப்படி நீங்களும் ஒரு மாதம் அந்தாக்யா போய் வேலை செய்ய வேண்டும். இணை விடுதி திறந்த பிறகு."

நெர்மினிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள். "அங்கே வாசல் இல்லை."

"வாசல் வைத்துவிட்டுச் சொல். நான் வந்து படுக்கை விரிக்கிறேன். உன்னை நம்பி விட முடியாது."

ஆரஞ்சு மரம் விழவில்லை, இந்த வருடமும் பூத்தது என்று அவள் இன்றைக்குத்தான் சொன்னாள். பூத்தது என்றே சொன்னாள்.

மாலையில் அஸ்கர் அழைத்தான்.

"உம்மா, எழுவத்திரண்டு வயசுல துருக்கிக்குப் போயி ரூம் க்ளீன் பண்ணப் போறீங்களா?"

"உன் வீட்டுல வந்து சும்மா உக்காரச் சொன்னே. அதுக்கு இது தேவலை."

"வாப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாஹ?"

"பெட்டியைத் தூக்கியிருப்பாஹ" என்றேன். பிறகு, மூன்றாம் எண் அறை விசிறியை மாற்ற ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டான். அனுப்பு என்றேன்.

ஆகஸ்டு 3, வியாழன்

நெர்மின் இன்று காலை புறப்பட்டாள். கிண்ணங்களை நாச்சியாவிடம் ஒப்படைத்தாள். நாச்சியா பதிலுக்கு மீன் ஊறுகாய் கொடுத்து, "முசாபரு, மறந்துராதீஹ" என்று அழுதாள். பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே கைலி இருந்தது. எலுமிச்சைத் தண்ணீர்ப் புட்டியை என் மேசையில் வைத்துவிட்டாள். விருந்தினர் கைக்கு மட்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பெட்டியை வண்டிவரை நானே இழுத்துப் போனேன். அவள் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். தெருவில் ஆட்கள் இருந்தார்கள்.

வண்டி கிளம்பியதும் குவளையை எடுத்து ஊற்றினேன். தண்ணீரைப் போல் போய், தண்ணீரைப் போல் வா என்று தமிழிலேயே சொன்னேன். நெர்மின் பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். மூலை திரும்பும்வரை நின்றேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நெஞ்சில் வைத்துக்கொண்டேன்.

நாச்சியா வாளியோடு பின்னால் நின்றிருந்தாள். "ஓடு வழுக்குமே, லாத்தா" என்றாள், மெதுவாக.

"துடைச்சுக்கலாம்."

ஒரு குவளை போதும் என்றுதான் நெர்மின் சொல்லியிருந்தாள். நான் இரண்டு ஊற்றினேன். படி அழுக்காக இருந்தது.